கரண்ட் பிடிக்கும் நாளில் குளிசை எடுத்தால் மருந்து எரிந்துபோகுமா? (மருந்து, வாங்கி, கதிர்ப்பு)

கொட்டாஞ்சேனை மகள் | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 63 வயது. இடது கன்னத்தின் உட்புறம் புற்றுநோய். ஒப்பரேஷன் முடிந்து இப்போது மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கரண்ட் பிடிக்கிறோம், அதாவது கதிர் சிகிச்சை. நாளுக்கு 2 கிறே கதிர், மொத்தம் 33 தடவை என்று அட்டையில் எழுதியிருக்கிறது. இன்றைக்கு 14ஆவது. விடிய எழும்பி, புறக்கோட்டைக்கு வந்து 138 பஸ் எடுத்துப் போய் வருகிறோம்.

அவருக்குப் பத்து வருடமாகப் பிரஷர். காலையில் அட்டெனலோல் 50 மில்லிகிராம், ஒரு குளிசை. இன்று பின்னேரம் அவருடைய கைப்பையில் மூக்குக்கண்ணாடி தேடும்போது, மடித்த பஸ் டிக்கெட் ஒன்று கையில் பட்டது. பிரித்தால் உள்ளே ஆறு வெள்ளைக் குளிசைகள். ஒன்று ஈரம் பட்டு ஓரம் கரைந்திருந்தது. போன செவ்வாயிலிருந்து கரண்ட் பிடிக்கும் நாட்களில் அவர் குளிசை போடவில்லை. சனி, ஞாயிறு மட்டும் போட்டிருக்கிறார்.

ஏன் என்று கேட்டேன். "கரண்ட் போகும் நேரம் உடம்பில் மருந்து இருந்தால் அது அந்தச் சூட்டில் எரிந்து நஞ்சாகிவிடும்" என்று பக்கத்துக் கதிரையில் இருந்த ஒரு பெண் சொன்னாராம்.

"அப்படியெல்லாம் இல்லை அம்மா" என்று சொல்லி அவரைச் சமாளிக்க முடியாது. 30 வருடம் கணக்குப் படிப்பித்தவர். "எப்படி இல்லை, செய்து காட்டு" என்பார். கதிர் பட்டால் மருந்துக்கும், அது போய் ஒட்டும் இடத்துக்கும் உண்மையில் என்ன நடக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை மருந்தாளர் | செவ்வாய், இரவு 9.58

தங்கச்சி, விளக்கத்தை மற்றவர்கள் தருவார்கள். அதற்கு முன்னால் ஒன்று: அட்டெனலோல் போன்ற பீட்டா தடுப்பு மருந்துகளைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. மருந்து தடுத்து வைத்திருந்த அட்ரினலின் தூண்டுதல் ஒரேயடியாகத் திரும்பி வரும். நெஞ்சுப் படபடப்பு, பிரஷர் ஏற்றம், இதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரைக்கும் போகலாம். விட்டு விட்டுப் போடுவதும் அதே ஆபத்துத்தான். நாளைக்குக் காலையிலேயே கிளினிக்கில் சொல்லி, பிரஷரையும் நாடித் துடிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். விட்டதற்குச் சேர்த்து இரண்டு குளிசை கொடுத்துவிடாதீர்கள். நெஞ்சு நோவு, மூச்சு முட்டு வந்தால் நாளை வரை காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

சூடு என்ற கதைக்கு என்னால் பதில் சொல்ல முடியும். 2 கிறே என்றால் ஒரு கிலோ தசைக்கு 2 ஜூல் சக்தி. அதனால் ஏறும் வெப்பநிலை ஒரு பாகை செல்சியசில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அம்மா காலையில் குடிக்கும் தேநீரின் ஒரு மிடறு கொண்டுவரும் சூட்டில் பல நூறில் ஒரு பங்கு அது. சூட்டில் எதுவும் எரிவதில்லை.

கந்தகப்பாலம் | செவ்வாய், இரவு 11.15

கொழும்பில் உயிரிரசாயனத்தில் பட்டமேற்படிப்பு செய்கிறேன். என் வேலையே வாங்கிப் புரதங்கள்தான், அதாவது மருந்து போய் ஒட்டும் கலப் புரதங்கள். (இந்தியப் புத்தகங்களில் ஏற்பி என்றிருக்கும், இரண்டும் ஒன்றே.) அக்காவின் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை, அதனால் இப்போதே எழுதுகிறேன்.

சூடு குறைவு என்பது சரி. ஆனால் அதை மட்டும் சொல்லி விட்டால் அம்மா "அப்போ புற்றுநோய்க் கலம் எப்படிச் சாகிறது?" என்று கேட்பார். கதிர்ப்பு சக்தியை எல்லா இடத்துக்கும் சமமாகப் பரப்புவதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய துண்டுகளாகப் போடுகிறது. ஒரு அடியில் விழும் சக்தி சராசரியாக 60 இலத்திரன் வோல்ட்டுக்குக் கிட்ட (மூலக்கூறு மட்டத்தில் சக்தியை அளக்கும் சிறிய அலகு அது). காபன்-காபன் பிணைப்பு ஒன்றை உடைக்க 3.6 போதும். ஆக, அடிபட்ட மூலக்கூறு தப்பாது. அட்டெனலோல் தன் வாங்கியைப் பிடித்திருப்பதோ ஐதரசன் பிணைப்பு போன்ற மெல்லிய பிடிகளால். அவை ஒவ்வொன்றும் 0.2 இலத்திரன் வோல்ட் அளவுதான். உடம்பின் சாதாரணச் சூட்டிலேயே அந்தப் பிடி நழுவி, மருந்து வெளியே போய், வேறொன்று வந்து ஒட்டும். இது நாள் முழுக்க நடக்கிறது.

எனவே கேட்க வேண்டியது, எத்தனை மூலக்கூறு அடிபடும் என்பது. இதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. 1968இல் கெப்னரும் மேசியும் பல நொதியங்களின் அளவீடுகளை வைத்து எடுத்தது: 640,000,000,000 என்ற எண்ணை மூலக்கூற்று நிறையால் வகுத்தால், 37 சதவீதம் மட்டும் பிழைத்திருக்கும் கதிர் அளவு கிடைக்கும். தத்துவம் எளிது. பெரிய மூலக்கூறு பெரிய குறி, அடி படும் வாய்ப்பும் அதிகம்.

அட்டெனலோல் ஒட்டும் பீட்டா-1 வாங்கியில் 477 அமினோ அமிலங்கள், நிறை சுமார் 51,000 டால்டன் (மூலக்கூறுகளின் நிறைக்கான அலகு). வகுத்தால் 1 கோடியே 25 இலட்சம். அதில் 2ஐப் போட்டால், ஒரு கோடி வாங்கியில் ஒன்றோ இரண்டோ அடிபடும். அவ்வளவுதான் அக்கா.

ஹைலெவல் வீதி | புதன், காலை 5.50

தம்பி, அந்தச் சூத்திரம் ராட் அலகில் விடை தரும். ஒரு கிறே 100 ராட். நீங்கள் 2 கிறேயை 2 ராட்டாகப் போட்டுவிட்டீர்கள். கணக்கு ஆசிரியை பார்க்கப் போகும் கணக்கு, அதனால் திருத்துகிறேன்.

வாங்கி: 51,000 டால்டனுக்கு 37 சதவீத அளவு 1,25,000 கிறே. 2 கிறேயில் அடிபடுவது பத்து இலட்சத்தில் 16.

மருந்து: அட்டெனலோல் 266 டால்டன். 37 சதவீத அளவு 2 கோடியே 40 இலட்சம் கிறே. 2 கிறேயில் அடிபடுவது பத்துக் கோடியில் 8.

இனி நஞ்சு என்ற பயத்துக்கு வருவோம். 50 மில்லிகிராம் மருந்தும் கதிர் படும் இடத்திலேயே இருந்தது என்று வைத்துக்கொண்டாலும் (உண்மையில் உடம்பு முழுக்கப் பரவியிருக்கும், கதிர் படுவது கன்னமும் கழுத்தும்), உடைவது ஏறக்குறைய 4 நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்து அதில் நாலு பங்கு.

நான் கதிர் சிகிச்சைப் பௌதிகத்தில் இருக்கிறேன், அதனால் இன்னொரு குறையையும் நானே சொல்ல வேண்டும். இந்தச் சூத்திரம் உறைந்த அல்லது உலர்ந்த மாதிரிகளுக்கானது. நேரடி அடியை மட்டும் எண்ணுகிறது. உடம்போ பெரும்பாலும் நீர். கதிர் நீரை உடைத்து ஐதரொட்சில் மூலிகத்தை உண்டாக்கும், அது கையில் கிடைத்ததைக் கடிக்கும். கலத்தில் எக்ஸ் கதிரால் வரும் சேதத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இப்படி நீர் வழியாக வருவதுதான்.

ஒரு லீற்றர் நீரில் 2 கிறே தரும் ஐதரொட்சில் ஏறக்குறைய 0.56 மைக்ரோமோல். கலத்துக்குள் அதைப் பிடித்து அடக்கக் காத்திருக்கும் குளூட்டாதயோன் மட்டும் 1 முதல் 10 மில்லிமோல். ஆயிரக்கணக்கான மடங்கு. போதாததற்கு ஐதரொட்சில் சில நானோமீற்றர் தூரம் போவதற்குள் எதிலாவது மோதி முடிந்துவிடும். 1940களில் டேல் என்பவர் ஐதான நொதியக் கரைசல்களில் சிறிய அளவுக் கதிரே பெரிய சேதம் செய்வதைக் காட்டினார். அங்கே நொதியத்தைத் தவிர மூலிகத்துக்கு மோத வேறொன்றும் இல்லை. கலமோ புறக்கோட்டைச் சந்தை மாதிரி, கால் வைக்க இடமில்லை. நீரின் பங்கைத் தாராளமாக நூறு மடங்கு என்று வைத்தாலும் 4 நானோகிராம் 0.4 மைக்ரோகிராமாகும். பயப்பட அதில் ஒன்றுமில்லை.

கந்தகப்பாலம் | புதன், காலை 7.20

நன்றி அண்ணா. அலகு பிழைதான். அக்கா, என் கடைசி வரியை விட்டுவிட்டு அண்ணாவின் கணக்கை அம்மாவிடம் காட்டுங்கள்.

உயர்தரம் உயிரியல் | புதன், பின்னேரம் 3.05

ஒரு சந்தேகம். வாங்கி பத்து இலட்சத்தில் 16தான் என்றால், அதே கதிர் புற்றுநோய்க் கலத்தை மட்டும் எப்படிக் கொல்கிறது? டிஎன்ஏயும் மூலக்கூறுதானே? அப்புறம், வாங்கி அடிபட்டால் அதோடு ஒட்டியிருக்கும் மருந்தும் சேர்ந்து உடையாதா?

ஹைலெவல் வீதி | புதன், மாலை 6.30

நல்ல கேள்வி தம்பி. அதே சூத்திரத்தின் பின்னால் இருக்கும் தத்துவத்தை டிஎன்ஏக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மனிதக் கலத்தின் டிஎன்ஏ சுமார் 640 கோடி சோடிகள், ஒரு சோடி ஏறக்குறைய 650 டால்டன். மொத்தம் 4 இலட்சம் கோடி டால்டன். அந்தக் குறியைத் தவற விடவே முடியாது. 1 கிறேயில் ஒவ்வொரு கலத்திலும் ஆயிரம் வரையான ஒற்றை இழை முறிவு, 20 முதல் 40 வரை இரட்டை இழை முறிவு ஏற்படும். மேலும் ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டே பிரதிகள். வாங்கி அப்படியல்ல. ஒரு கலத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கும், பழையதைக் கலம் உள்ளே இழுத்து அழித்துப் புதியதைச் செய்துகொண்டே இருக்கும். பத்து இலட்சத்தில் 16 போனால் அன்றைய வழக்கமான உற்பத்தியிலேயே அது மறைந்துவிடும்.

கந்தகப்பாலம் | புதன், இரவு 10.45

இரண்டாவது பாதிக்கு நான் வருகிறேன். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஒரு புரதச் சங்கிலியில் எங்கே அடி விழுந்தாலும் சக்தி அந்தச் சங்கிலி முழுக்கப் பரவி அதன் வேலையைக் கெடுக்கும். ஆனால் பங்கீட்டுப் பிணைப்பு இல்லாமல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் பக்கத்து மூலக்கூறுக்குப் பொதுவாக அது தாவாது. எனவே வாங்கி உடைந்தால் மருந்து உடைவதில்லை, அதற்கு இருக்க இடம் இல்லாமல் போகும். வெளியே வந்து அடுத்த வாங்கியைத் தேடும். மருந்து உடைந்தால் இடம் காலியாகும், இரத்தத்தில் இருக்கும் இன்னொன்று வந்து உட்காரும்.

இந்தக் குணத்தை வைத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு அளவுகோலே செய்தார்கள். வாங்கிகளை யாரும் கண்ணால் காணாத காலத்தில், ஈரல் மென்சவ்வையோ மூளை மென்சவ்வையோ உறைய வைத்து, வேகமான இலத்திரன் கற்றையைப் பாய்ச்சி, மருந்து ஒட்டுவது எந்த வேகத்தில் குறைகிறது என்று பார்த்து வாங்கியின் நிறையைக் கணித்தார்கள். உறைந்த நிலையில் சேதம் குறையும் என்பதால் மறை 135 பாகையில் விடையை 2.8ஆல் பெருக்க வேண்டும். 1980இல் இன்சுலின் வாங்கியை இப்படி அளந்தபோது ஒரு வியப்பு. கதிர் பட்டதும் இன்சுலின் ஒட்டுவது குறையவில்லை, முதலில் கூடியது! அளவை மேலும் கூட்டிய பிறகே குறைந்தது. அவர்கள் எடுத்த முடிவு: வாங்கியின் பிடியை அடக்கி வைத்திருக்கும் இன்னொரு பெரிய பகுதி இருக்கிறது, பெரிய குறி என்பதால் அது முதலில் அடிபட்டது, கட்டு அவிழ்ந்த வாங்கி இறுக்கிப் பிடித்தது. ஒட்டியிருக்கும் சோடியைக் கதிர் பிரிக்கும் என்றுதான் யாரும் நினைப்போம்.

உண்மையாகவே மருந்தும் வாங்கியும் கண்ணுக்குத் தெரிய உடைவது பளிங்கு ஆய்வில், அதாவது புரதத்தைப் பளிங்காக்கி எக்ஸ் கதிரால் அதன் அமைப்பைப் பார்க்கும்போது. அம்மாவின் குளிசை ஒட்டும் அதே பீட்டா-1 வாங்கியின் (வான்கோழியினுடையது) முப்பரிமாண அமைப்பு 2008இல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது, உள்ளே ஒரு பீட்டா தடுப்பு மருந்து பொருந்தியபடி. மருந்து நுழையும் வாசல் பக்கத்தில் இரண்டு கந்தகப் பாலங்கள் (இரண்டு கந்தக அணுக்கள் சேர்ந்த பிணைப்புகள்) புரதச் சங்கிலியின் வளையத்தைத் தாங்கி நிற்கும். என் பெயர் அங்கிருந்துதான். பலமான எக்ஸ் கதிரில் முதலில் முறிபவை இத்தகைய பாலங்கள். அடுத்து குளூட்டாமிக், அஸ்பார்ட்டிக் அமிலங்களிலிருந்து காபனீரொட்சைட்டு கழன்று போகும். மருந்தில் புரோமின் இருந்தால் அதன் பிணைப்பும் எளிதில் அறும். அதனால்தான் பளிங்கை மறை 173 பாகைக்குக் குளிராக்கி, 3 கோடி கிறேக்கு மேல் போகாதே என்று எல்லை வைத்திருக்கிறார்கள். அம்மாவின் 33 தடவையும் சேர்த்தாலும் 66 கிறே. நாலரை இலட்சம் மடங்கு வித்தியாசம்.

ஹைலெவல் வீதி | புதன், இரவு 11.20

இடையில் இருக்கும் ஒரு படியும் சொல்லலாம். பியகமவில் காமாக் கதிர் நிலையம் இருக்கிறதல்லவா, இத்தகைய நிலையங்களில் மருத்துவப் பொருட்களைக் கிருமி நீக்க வழமையாகக் கொடுப்பது 25,000 கிறே. உலர்ந்த அட்டெனலோல் தூளுக்கு அதைக் கொடுத்தால் அந்தச் சூத்திரப்படி உடைவது ஆயிரத்தில் ஒன்று. இன்சுலின் கரைசலுக்கு அதைக் கொடுக்க மாட்டார்கள், நீரின் மூலிகங்கள் புரதத்தைக் கெடுத்துவிடும். அதனால் அதை வடிகட்டித்தான் சுத்தமாக்குகிறார்கள்.

கதிரைத் தானே சுமந்து போகும் மருந்துக்கும் இதே தொல்லை. லுற்றீசியம்-177 என்ற கதிரியக்கத் தனிமம் கட்டிய மருந்து சொமற்றோஸ்டாற்றின் வாங்கியில் போய் ஒட்டிக் கட்டியைச் சுடும். ஆனால் குப்பிக்குள் இருக்கும்போதே தன் கதிரால் தன்னையே உடைக்கும். அதைத் தடுக்க அஸ்கோர்பிக் அமிலம், அதாவது விற்றமின் சி, சேர்க்கிறார்கள். அப்படியும் ஆயுள் 72 மணித்தியாலம்.

வார்டு இரவு | வியாழன், அதிகாலை 2.10

புற்றுநோய்ப் பிரிவில் வேலை. இங்கே எழுதியவை சரி, ஆனாலும் ஒரு விடயம் விடுபட்டிருக்கிறது. "2 கிறே வாங்கிக்கு ஒன்றும் செய்யாது" என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. உடைக்காது, ஆனால் எழுப்பிவிடும்.

ஈ.ஜி.எஃப்.ஆர் என்ற வளர்ச்சி வாங்கி வாய், தொண்டைப் புற்றுநோய்களில் அளவுக்கு மிஞ்சி இருக்கும். சிகிச்சையில் கொடுக்கும் அளவு கதிர் பட்ட சில நிமிடங்களில், வளர்ச்சிக் காரணி எதுவும் வந்து ஒட்டாமலேயே அது வேலை செய்யத் தொடங்கும். காரணம், அதை அணைத்து வைக்கும் பொஸ்பற்றேசு நொதியங்களின் மையத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஒன்று இருக்கிறது. கதிரால் கிளம்பும் ஒட்சியேற்றிகள் அந்தச் சிஸ்டீனைத் தற்காலிகமாக முடக்கும். அணைக்கும் கை முடங்கியதும் வாங்கி தானாக வேலை செய்யும், கலம் தன்னைத் திருத்திக்கொள்ள முயலும். சில மூலக்கூறுகளில் விழுந்த அடியைக் கலம் இப்படிப் பெருக்கிவிடுகிறது.

இதைத் தடுக்கத்தான் அந்த வாங்கியில் ஒட்டும் செட்டுக்சிமாப் என்ற பிறபொருளெதிரியைக் கதிரோடு சேர்த்தார்கள். 2006இல் வெளியான ஆய்வில் கதிர் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 29.3 மாதம், இரண்டும் பெற்றவர்களுக்கு 49 மாதம். பிறகு வந்த ஆய்வுகளில், பப்பிலோமா வைரசால் வரும் தொண்டைப் புற்றுநோய்க்கு சிஸ்பிளாற்றின் என்ற பழைய புற்றுநோய் மருந்தே மேல் என்று தெரிந்தது. எல்லாருக்கும் பொருந்தும் மருந்து அல்ல அது. ஆனால் வாங்கியில் மருந்து ஒட்டியிருக்கும் நேரத்தில் கதிர் கொடுப்பது ஆபத்து என்ற எண்ணத்துக்கு நேரெதிரான சான்று. அங்கே மருந்து ஒட்டியிருக்க வேண்டும் என்றே கொடுக்கிறோம்.

கதிரின் விளைவைக் கூட்டும் மருந்துகளும் உண்டு, மெதோற்றெக்சேற் அதில் ஒன்று. அதனால் அம்மா எடுக்கும் எல்லாவற்றையும், கடையில் வாங்கும் விற்றமின், நாட்டு மருந்து உட்பட, டொக்டரிடம் காட்டுங்கள். அட்டெனலோல் அந்தப் பட்டியலில் இல்லை.

கொட்டாஞ்சேனை மகள் | வெள்ளி, இரவு 8.25

எல்லாருக்கும் மனம் நிறைந்த நன்றி. புதன் காலையே கிளினிக்கில் சொன்னேன். பிரஷர் 170க்கு 100 இருந்தது. டொக்டர் பேசிவிட்டுக் குளிசையை அன்றே திரும்பத் தொடங்கச் சொன்னார்.

நேற்று இரவு ஹைலெவல் வீதி அண்ணாவின் கணக்கை ஒரு கொப்பியில் எழுதி அம்மாவின் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தானே வகுத்துப் பார்த்தார். 4 நானோகிராமுக்குக் கீழே கோடு போட்டார். "சரியாகத்தான் இருக்கிறது" என்றார். பிறகு நெடுநேரம் பேசவில்லை.

நான் அட்டையைப் பார்த்தேன். குளிசை போடாமல் விட்டது 9ஆவது நாளிலிருந்து. அதே கிழமைதான் சோற்றைக் கரைத்துத் தரச் சொல்லத் தொடங்கினார். வாயைத் திறக்கச் சொல்லி டோர்ச் அடித்துப் பார்த்தேன். கன்னமும் நாக்கின் ஓரமும் சிவந்து தோல் உரிந்து வெள்ளை படிந்திருக்கிறது. குளிசை தொண்டையில் உரசும்போது உயிர் போகிறது என்று அப்போதுதான் சொன்னார். நோவு என்று சொன்னால் கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள், பாதியில் நின்றால் வருத்தம் திரும்பி வரும் என்ற பயத்தில் மறைத்திருக்கிறார். அந்தப் பெண் சொன்ன கதை அவருக்கு ஒரு சாட்டாக இருந்திருக்கிறது.

இதற்கு என்ன செய்யலாம்?

வெள்ளவத்தை மருந்தாளர் | வெள்ளி, இரவு 8.40

தங்கச்சி, முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், வாய்ப்புண் வந்ததற்காக யாரும் கரண்ட்டை எடுத்த எடுப்பில் நிறுத்துவதில்லை. இரண்டாம் மூன்றாம் கிழமையில் ஏறக்குறைய எல்லாருக்கும் வருவதுதான், அதற்கு மருந்து இருக்கிறது. மரக்கச் செய்யும் வாய் கொப்பளிப்பு, வலி மருந்து எல்லாம் எழுதித் தருவார்கள். பூஞ்சை பிடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், அந்த வெள்ளைப் படிவைத் திங்கட்கிழமை கட்டாயம் காட்டுங்கள். தண்ணீர்கூட இறங்காவிட்டால் திங்கள் வரை வைத்திருக்காதீர்கள்.

சாதாரண அட்டெனலோல் குளிசையைப் பொடியாக்கித் தண்ணீரில் கலந்து கொடுக்கலாம். இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் போதும். ஆனால் மெதுவாகக் கரையும் வகைக் குளிசை வேறு ஏதாவது அவர் எடுத்தால் அதை நசுக்கக்கூடாது. எல்லாப் பெட்டிகளின் பெயரையும் இங்கே எழுதுங்கள், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனை மகள் | வெள்ளி, இரவு 8.52

இதோ, பெட்டிகளை எடுத்து வருகிறேன் அண்ணா.